கனடாவின் வின்ட்சரில் இருக்கும் நண்பனுக்கு

கொழும்பு 06

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமை ஆகிறது. பேரனை ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை வழியாக அமெரிக்கக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் டெட்ரோயிட்டில் மிச்சிகன் சயன்ஸ் சென்டரை, பிள்ளைகள் தொட்டு இழுத்துப் பார்க்கும் அந்த விஞ்ஞானக் கூடத்தைக் காட்டிய கதையை அவ்வளவு விவரமாக எழுதியிருந்தாய். அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெடியன் கப்பிக் கயிற்றை விடமாட்டேன் என்று நின்றதும், பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சத்தம் போட்டதும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால் நோவு அப்படியேதான். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நம்முடைய பௌதிகவியல் சேருக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது, போய்ப் பார்த்தேன். பேப்பரில் உள்ள சின்ன எழுத்தையும் இப்போது வாசிக்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டார். நீ கரும்பலகையில் மின்சுற்று வரையும்போது நேர்கோடு போடவே மாட்டாய் என்று இன்னமும் சொல்கிறார். மற்றதெல்லாம் விலைவாசி, கரண்ட் பில், மழை. அதை விடுவோம்.

நீ போய்வந்த இடம் ஒரு காலம் பூட்டிக் கிடந்தது தெரியுமா? நீ டொரன்டோவில் இருந்த காலம் அது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அதைப் பற்றித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க மனம் நம்முடைய ஊருக்கே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

டெக்ஸ்டர் ஃபெரி என்ற டெட்ரோயிட் வர்த்தகரின் முயற்சியால் 1970இல் அது சின்னதாகத் தொடங்கியது. 1978இல்தான் ஜோன் ஆர் வீதியில் சொந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். குவிமாடத் திரையரங்கோடு நீ பார்த்தாயே, அதே இடம். 2001இல் பெருப்பித்து மறுபடி திறந்தார்கள். அப்போதே நகரம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. 1950இல் ஏறத்தாழ பதினெட்டரை இலட்சம் பேர் இருந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் ஏழு இலட்சத்துச் சொச்சம். 2009இல் ஜெனரல் மோட்டர்ஸும் கிரைஸ்லரும் வங்குரோத்தாகி நீதிமன்றம் ஏறின. கார்க் கம்பனிகளை நம்பி வாழ்ந்த ஊரில் நன்கொடை எங்கிருந்து வரும்? ஒரு பக்கம் கடன், மறுபக்கம் வரவு குறைவு. 2011 செப்டெம்பரில் கதவை மூடினார்கள். வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனித்தான் நான் முக்கியமாக நினைக்கிற விஷயம். இப்படி ஒரு இடம் மூடப்பட்டால் அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். கடன் கொடுத்தவன் வருவான், சாமான் ஒவ்வொன்றாகப் போகும். கட்டடம் வாகனத் தரிப்பிடமாகிவிடும். அங்கே அப்படி நடக்கவில்லை. ரொன் வைசர் என்று ஒருவர், காணி கட்டட வர்த்தகம் செய்பவர், ஸ்லோவாக்கியாவில் அமெரிக்கத் தூதராகவும் இருந்தவர், கட்டடத்தையும் உள்ளே இருந்த காட்சிப் பொருட்களையும் சேர்த்தே வாங்கினார். அதனால் கப்பியும் நெம்புகோலும் மின்பொறி காட்டும் கருவியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இலாப நோக்கமில்லாத புதிய அமைப்பு ஒன்று பொறுப்பெடுத்து, 2012 டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள், மிச்சிகன் சயன்ஸ் சென்டர் என்ற புதுப் பெயரில் திறந்தது. பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்த நேரம். நல்ல நாளாகப் பார்த்துத்தான் திறந்திருக்கிறார்கள்.

திகதியைக் கவனி மச்சான். டெட்ரோயிட் நகரம் வங்குரோத்தாகி நீதிமன்றம் போனது 2013 ஜூலை 18. கடன் 18 பில்லியன் டொலர் அளவு. அமெரிக்காவில் அதுவரை எந்த நகரமும் அவ்வளவு பெரிய கடனோடு அந்த வாசலுக்குப் போனதில்லை. அதாவது, நகரம் விழுவதற்கு ஏழு மாதம் முன்னால் பிள்ளைகளின் விஞ்ஞானக் கூடம் எழும்பிவிட்டது. தெருவிளக்குப் பாதி எரியாத ஊர் அது. நிலைமை சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நேரம் எட்டு வயதாக இருந்த பிள்ளை பெரிய மனுசனாகியிருக்கும்.

பக்கத்திலேயே இருக்கும் ஓவிய நூதனசாலையின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 2012 ஓகஸ்டில் சுற்றுவட்டார மூன்று கவுண்டி (நம்முடைய மாவட்டம் மாதிரி) மக்கள் வாக்குப் போட்டு, தங்கள் சொத்து வரியில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். நகரம் விழுந்தபோது கடன் கொடுத்தவர்களின் கண் முதலில் அந்த ஓவியங்களில்தான் பட்டது. ஏல நிறுவனமே வந்து விலை மதித்தது. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் நூதனசாலையும் சேர்ந்து 816 மில்லியன் டொலர் அளவுக்குப் பொறுப்பேற்று, ஓவியங்களையும் ஓய்வூதியக்காரரின் காசில் பெரும் பகுதியையும் காப்பாற்றினார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பார். ஓவியத்துக்கு ஏலத்தில் விலை உண்டு. அதனாலேயே அது ஆபத்தில் மாட்டியது, அதனாலேயே உலகம் ஓடியும் வந்தது. பிள்ளைகள் இழுத்து இழுத்துத் தேய்ந்த கப்பிக் கயிற்றுக்கு ஏலத்தில் என்ன விலை? அதைக் காப்பாற்ற யாரும் கூட்டம் போடமாட்டார்கள். அதனால் அதைக் காப்பாற்றியவர்கள் மேல் எனக்குக் கூடுதல் மரியாதை.

சேர்ந்திருக்கும் பொருளைச் சிதறவிடக்கூடாது என்பது நம் சனத்துக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய பாடம் இல்லையே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனது 97,000 அளவு நூல்கள். கட்டடத்தை மறுபடி வெள்ளையாகக் கட்டி எழுப்பினோம். புத்தகமும் நிறையச் சேர்ந்துவிட்டது. போன ஏட்டுச்சுவடிகள் வந்தனவா? நீ அப்போது உயர்தரப் பரீட்சைக்கு அங்கே இருந்து படித்தவன், உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். கோள்மண்டலத்துக்கு நம்மைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? 1965 கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டியது. பொறியியலாளர் குலசிங்க வடிவமைத்த, தாமரை இதழ் போன்ற கொங்கிரீட் கூரை. நடுவில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த சைஸ் (Zeiss) கம்பனி புரொஜெக்டர், இரண்டு தலையுள்ள கறுப்பு எறும்பு மாதிரி நின்றது. விளக்கு மெல்ல மெல்ல மங்கியதும் கொழும்பு முழுக்க வெள்ளி பூத்தது. நீ என் கையைப் பிடித்தாய். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் ஆனதற்கு அந்த இருட்டு ஒரு காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். தொட ஒன்றும் இல்லை. தேசிய நூதனசாலைப் பக்கம் போனால் கண்ணாடிக்குப் பின்னால் பொருள், கை வைக்காதே என்று பலகை. அது அப்படித்தான் இருக்கவேண்டும், 1877இலிருந்து சேர்த்து வைத்த பொக்கிஷம். நான் கேட்பது வேறு. என்னிடம் டியூசனுக்கு வரும் பிள்ளைகள் நெம்புகோலின் மூன்று வகையையும் மனப்பாடமாகச் சொல்லும். ஒரு பாரத்தை நீளக் கம்பியால் கிளப்பிப் பார்த்த பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டுதான். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கையால் செய்து பார்த்துவிட்டு, பொழுதுபடமுன் வீட்டுக்கு வரக்கூடிய ஒரு கூடம் அவர்களுக்கு இல்லை.

இதைச் சொன்னால் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: நாடு இருக்கிற நிலையில் இதெல்லாம் எதற்கு? 2022ஐ நீ அங்கிருந்து செய்தியில்தான் பார்த்தாய். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அதோடு பெற்றோல் கியூ, பள்ளிக்கூடம் பூட்டு.

அந்த மார்ச் இரவுகளில் ஒரு காரியம் நடந்தது. எங்கள் தொடர்மாடியில் புழுக்கம் தாங்காமல் சனம் எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. காலி வீதி முழுக்க இருட்டு. கடல் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. மேலே பார்த்தால், வெள்ளவத்தையில் இத்தனை வருஷம் குடியிருந்து நான் கண்டிராத வானம். மேற்கே வேட்டைக்காரன் என்ற நட்சத்திரக் கூட்டம் சாய்ந்து நின்றது, மூன்று வெள்ளியும் ஒரே கோட்டில். தென்மேற்கே தாழ்வாக அகத்தியன் என்ற நட்சத்திரம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக என்னைச் சுற்றி வந்துவிட்டன. இரண்டாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, ஏழு வயதிருக்கும், அந்த மூன்றும் ஏன் ஒன்றாக நிற்கின்றன, அதற்குள் சண்டை வராதா என்று கேட்டது. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று விளக்க, கீழே போய் மூன்று தீப்பெட்டியை எடுத்துவந்தேன். ஒன்றை என் கையில், ஒன்றைத் தண்ணீர்த் தாங்கிக்கு மேல், மற்றதை மதில் ஓரம் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார் என்றேன். பிள்ளை பார்த்தது. தலையைச் சரித்தது. பிறகு நாலு அடி தள்ளிப் போய் நின்று, ஐயோ கோடு உடைந்துவிட்டது என்று கத்தியது. மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து தள்ளுப்பட்டன. பெரியவர்களும் வந்து ஒரு கண்ணை மூடினார்கள். வீட்டில் காஸ் இல்லை, நாளைக்கு அரிசி என்ன விலையோ தெரியாது, ஆனாலும் வந்து பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பொருளாதாரம் சரியாகட்டும் என்று பதில் சொல்லமுடியுமா? அதுதான் டெட்ரோயிட் கதை எனக்குள் இப்படி இறங்கியதற்குக் காரணம். பெரிய கட்டடம் வேண்டும், கோடிக்கணக்கில் காசு வேண்டும் என்பதும் உண்மையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் திறந்த பிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுப் புகழ் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு பழைய இரும்புக் கடைகளில் சாமான் பொறுக்கிச் செய்து பார்த்த சோதனைகள்தான் பிறகு அவருக்குக் கைகொடுத்தன. தங்கள் காட்சிக் கருவிகளை எப்படிச் செய்வது என்பதையும் அந்த இடத்தார் ஒளிக்காமல் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புக் கடைக்கா பஞ்சம்?

நான் நினைத்திருப்பது இதுதான். இங்கே பக்கத்தில் ஒரு சனசமூக மண்டபம் சனிக்கிழமை பின்னேரங்களில் சும்மா கிடக்கிறது. பொறுப்பானவரோடு கதைத்தேன், அவருக்கும் விருப்பம். கப்பித் தொகுதி ஒன்று, பிள்ளை தன்னைத் தானே இழுத்துத் தூக்கும் கதிரையோடு. நீளமான நெம்புகோல் ஒன்று. கையால் சுற்றி மின்குமிழ் எரிக்கும் டைனமோ ஒன்று. இந்த மூன்றோடு தொடங்கினால் போதும். வெல்டிங் வேலைக்கு என் பழைய மாணவன் ஒருவன் தெமட்டகொடையில் கடை வைத்திருக்கிறான், கூலி வேண்டாம் என்கிறான். தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் எழுதி ஒட்டவேண்டும். சிங்களத்துக்கு மேல்வீட்டு ரிட்டயர்ட் ரீச்சர் கைகொடுக்கிறேன் என்றார். எல்லாம் ஒரே இடத்தில், ஒரு அலுமாரிக்குள், ஒரு பட்டியலோடு இருக்கவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏலாமல் போனாலும் இன்னொருவர் கதவைத் திறந்து தொடங்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

உன்னிடம் காசு கேட்கவில்லை. அடுத்த முறை பேரனோடு போகும்போது இரண்டு காரியம் செய். அந்தக் கப்பிக் கதிரையில் எத்தனை கப்பி, கயிறு எந்த வழியாகச் சுற்றி வருகிறது, பிள்ளை விழாமல் இருக்க என்ன பூட்டு வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பு. பக்கவாட்டிலிருந்தும் ஒன்று எடு, வெல்டிங்காரனுக்கு அதுதான் தேவை. மற்றது, பெடியன் எந்தக் கருவியில் கூட நேரம் நின்றான், எதை ஒரு தரம் தொட்டுவிட்டு விட்டுப் போனான் என்று கவனித்து எழுது. எதை முதலில் செய்வது என்று அதை வைத்துத்தான் யோசிக்கப் போகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். குளிர் தொடங்கமுன் படங்களை அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்