பொருள்: பூட்டிக் கிடந்த விளையாட்டு அறையும் பாழாய்ப் போன என் சுகர் டெஸ்ட்டும்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் மேடம். முந்தாநாள் போனில் பேசினேனே, அந்த 26 வாரக் கர்ப்பிணி நான்தான். இங்கிலீஷில் பேசினால் எனக்குக் கோபம் சரியாக வராது என்று சொன்னதும், "அப்போ தமிழ்லயே எழுதி அனுப்புங்க, நானும் கும்பகோணம்தான்" என்றீர்கள். அதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி கீழே இருக்கிறது. மேலே யாராவது இது என்ன பாஷை என்று கேட்டால், தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவில், மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழும் ஒன்று என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறது, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை காலை உங்கள் டர்பன் கிளையில் எனக்கு இரண்டு அப்பாயின்ட்மென்ட். 7 மணிக்குச் சுகர் டெஸ்ட், 9.30-க்கு ஸ்கேன். இரண்டும் நடக்கவில்லை. இரண்டுக்கும் பில் மட்டும் வந்துவிட்டது.

உங்கள் ஆப்பில் புக் செய்யும்போது எத்தனையாவது பிரசவம் என்று கேட்கிறது, 2 என்று போட்டேன். முதல் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்கிறது, 2 வயது 4 மாதம் என்று போட்டேன். அதாவது எனக்கு ஒரு சின்னப் பையன் இருக்கிறான் என்பது உங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அடுத்த பக்கத்திலேயே ஒரு படம் வருகிறது: கலர் கலராகப் பாய், மஞ்சள் சறுக்கு மரம், சீருடை போட்ட ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளோடு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கீழே எழுத்து. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இதைவிடக் குறைந்த செலவில் பார்க்கும் டாக்டர் இருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தேன். என் கணவருக்கு ரிச்சர்ட்ஸ் பேயில் வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். பையன் போகும் க்ரெச் திறப்பதே காலை 7 மணிக்கு. உங்கள் டெஸ்ட்டும் 7 மணிக்கு. அம்மா, மாமியார் இரண்டு பேரும் மதுரையில். அப்புறம் நான் அவனை எங்கே விட்டுவிட்டு வருவது?

செவ்வாய்க்கிழமை ராத்திரி 9.50-க்கு உங்கள் எஸ்எம்எஸ் வந்தது. 10 மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடாதீர்கள், காலை 7-க்கு வந்துவிடுங்கள், அவ்வளவுதான். சோறு சாப்பிட எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தீர்கள், அதற்கு நன்றி.

காலையில் ஃபீனிக்ஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்து இறங்கினால் லிஃப்டில் பேப்பர் ஒட்டியிருக்கிறது, வேலை செய்யவில்லை என்று. நீங்கள் இருப்பது இரண்டாவது மாடியில். வெறும் வயிறு, ஒரு கையில் பையன், இன்னொரு கையில் மடக்கின தள்ளுவண்டி, வயிற்றுக்குள் இன்னொன்று. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். அன்றைக்கு உங்கள் கட்டடத்தில் என் சிரமத்தைப் பார்த்துத் தானாக வந்து கைகொடுத்த ஆட்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், இன்னொருவரைப் பிறகு சொல்கிறேன்.

மேலே போனால் விளையாட்டு அறை இருக்கிறது. இல்லவே இல்லை என்றிருந்தால்கூடப் பரவாயில்லை மேடம். கண்ணாடிக் கதவு, அதில் பூட்டு. உள்ளே பிரிண்டர் பேப்பர் அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன, அதற்குப் பின்னால் மஞ்சள் சறுக்கு மரத்தின் மேல் பாதி மட்டும் தெரிகிறது. என் பையன் அதைப் பார்த்துவிட்டான். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு "சறுக்கு, சறுக்கு" என்று ஆரம்பித்தவன், சாவி வராது என்று தெரிந்ததும் தரையில் புரண்டு அழுதான். ரிசப்ஷனில் இருந்த ஆன்ட்டியிடம் கேட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டதாம், அதற்குப் பிறகு ஆள் போடவில்லையாம். சரி, ஆப்பில் இருக்கிற படத்தை எடுக்க எத்தனை மாதம் ஆகும்?

7.25-க்கு முதல் ரத்தம் எடுத்தார்கள். அதன்பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர், ஆரஞ்சு நிறத்தில், ஒரு பிளாஸ்டிக் டம்ளர் நிறைய. 5 நிமிஷத்தில் குடித்து முடிக்க வேண்டும், பிறகு 1 மணி நேரத்தில் ஒரு ரத்தம், 2 மணி நேரத்தில் ஒரு ரத்தம், அதுவரை எதுவும் சாப்பிடாமல், நடக்காமல், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வயசுப் பையனோடு வந்தவளிடம் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார் என்று நர்ஸம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரும் பாவம், முகத்தைப் பார்த்தால் அவருக்கே சொல்லக் கூச்சம். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஊசி போட்ட கையைப் பஞ்சோடு மடக்கி வைத்திருக்கிறேன், மிச்சம் இருப்பது ஒரு கை. ஆரஞ்சு நிறத்தில் டம்ளர். எந்தப் பிள்ளைக்கு அது ஜூஸாகத் தெரியாது? அழுதுகொண்டிருந்தவன் டக்கென்று நிறுத்தினான், மடியில் ஏறினான், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து இழுத்தான். நான் பாதிதான் குடித்திருந்தேன். இரண்டு வாய் அவன் உள்ளே போயிற்று, கொஞ்சம் என் சுடிதார் மேல். அந்த 75 கிராமில் என் வயிற்றுக்கு எத்தனை, அவன் வயிற்றுக்கு எத்தனை, துணிக்கு எத்தனை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் அளவு குறைந்தால் ரிசல்ட்டும் குறைத்துத்தான் காட்டும், இருக்கிற சர்க்கரை இல்லை என்று ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. இந்திய வம்சத்துப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்று உங்கள் டாக்டரே சொல்லித்தான் இந்த டெஸ்ட்டை எழுதினார். வெறும் வயிற்றில் 5.1-ஐத் தொட்டாலே சர்க்கரைதானாம், 1 மணி நேரத்தில் 10, 2 மணி நேரத்தில் 8.5 எல்லையாம். ஊரில் எல்லாம் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல், அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எனக்கு அன்றைக்கு வெறும் வயிற்றில் 5.0 வந்தது. விளிம்பில் நிற்கிறேன். அதனால் நர்ஸம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். இனி இந்த டெஸ்ட் செல்லாது, பாதி குடித்துவிட்டதால் இன்றைக்கு மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது, வேறொரு நாள் பட்டினியாக வாருங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறது, இதைச் சாப்பிடலாமா வேண்டாமா என்று. அது உங்கள் பில்லில் வராது.

மதுரையில் முதல் குழந்தைக்கு இதே 75 கிராம்தான் குடித்தேன். அங்கே வெறும் வயிறுகூடக் கேட்கவில்லை, குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம், 140-க்குள் இருந்தது, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என்னோடு அம்மா, அத்தை, சித்தி என்று மூன்று பேர் வந்திருந்தார்கள், மூன்று பேருக்கும் வேலை இல்லை. இங்கே வேலை நிறைய, ஆள் நான் மட்டும்.

சரி, டெஸ்ட்தான் போயிற்று, ஸ்கேனாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று 9.30 வரை உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாசலில் ஸ்கேன் எடுக்கும் பெண் பையனைப் பார்த்துவிட்டு, உள்ளே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்றார். விதி நியாயமானதுதான். குழந்தையின் தலையையும் தொடை எலும்பையும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறவர் பக்கத்தில் ஒருவன் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் எப்படி வேலை பார்ப்பார்? ஆனால் அதை ஆப்பில் சொன்னீர்களா? எஸ்எம்எஸ்ஸில் சொன்னீர்களா? ரிசப்ஷனில் இரண்டரை மணி நேரம் உங்கள் கண் முன்னால் பையனோடு உட்கார்ந்திருந்தேனே, அப்போதாவது சொன்னீர்களா? ரிசப்ஷன் ஆன்ட்டியிடம் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பொறுப்பு இல்லை, எங்களுக்கு அனுமதி இல்லை என்கிறார்.

இரண்டாவது ஆள் என்றேனே, அவர் பக்கத்து நாற்காலியில் மகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பாட்டி. நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பமாம், அவருக்குத் தெரிந்த தமிழ் "வா", "போ", "தண்ணி", அவ்வளவே. "வா, வா" என்று கையை நீட்டி ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார், என் பையன் ஏதோ சொந்தப் பாட்டியைப் பார்த்தவன்போல மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இருக்கிறேன் என்றார். மனசு வரவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் மகள் முடித்து வந்தால் அவர் கிளம்ப வேண்டும், பையன் படிக்கட்டுப் பக்கம் ஓடினால் வயசானவரால் பிடிக்க முடியாது. அவர் பிளாஸ்கில் இருந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, ஸ்கேன் பார்க்காமலே கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை பில் வருகிறது. சுகர் டெஸ்ட்டுக்கு 620 ரான்ட், முழுசாக. ஸ்கேனுக்கு நான் "வராததால்" அபராதம் 450 ரான்ட். வராதவள் எப்படி மேடம் உங்கள் ஸ்கேன் அறை வாசலில் நின்று உங்கள் ஆளோடு வாதாடியிருக்க முடியும்? இந்த அபராதத்தை மெடிக்கல் எய்ட் இன்ஷூரன்ஸ்காரர்கள் தர மாட்டார்கள், என் கையை விட்டுத்தான் போக வேண்டும். டெஸ்ட்டை மறுபடி எடுத்தால் இரண்டாவது தடவைக்கும் அவர்கள் தர மாட்டார்கள், கேட்டுவிட்டேன்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா அரசாங்க க்ளினிக்குக்குத்தான் போகிறாள். 1994-லிருந்து கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இலவசம். விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், பெஞ்சு போதாது, எல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளையை ஏன் கூட்டிவந்தாய் என்று அவளை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. போன முறை சின்னவளையும் எடை பார்த்து, அவள் தடுப்பூசிப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டி, ஒன்று விட்டுப் போயிருக்கிறது என்று ஊசியும் போட்டு அனுப்பினார்களாம். நான் காசு கொடுத்து வாங்கியது பூட்டின கதவு.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இரண்டாவது பிரசவத்துக்கு வருகிறவளுக்கு வீட்டில் முதல் பிள்ளை இருக்கும் என்பது உங்கள் கம்பெனியில் யாருக்குமே தோன்றவில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கர்ப்பகாலப் பரிசோதனையைக் குறைந்தது 8 முறை என்று ஆக்கிவிட்டது, நீங்களும் அந்தக் கணக்கில்தான் தேதி கொடுக்கிறீர்கள். 8 தடவையும் பிள்ளையை எங்கே விடுவது என்று நான் யோசிக்கத்தான் வேண்டும், யோசிக்கவும் தயார். ஆனால் விளையாட்டு அறை மூடிவிட்டது, ஸ்கேனுக்குப் பிள்ளை வரக் கூடாது என்று முன்னாடியே ஒரு வரி சொல்லியிருந்தால், சனிக்கிழமை மதியம் 1 மணி வரை திறந்திருக்கிறீர்களே, கணவர் வீட்டில் இருக்கும் அன்றைக்கே நான் புக் செய்திருப்பேன். அந்த ஒரு வரிதான் இல்லாமல் போயிற்று.

ஆகவே, அந்த 450 ரான்ட் அபராதத்தை அடியோடு எடுத்துவிடுங்கள், எடுத்ததற்கு எழுத்தில் ஒரு கடிதமும் வேண்டும். 620 ரான்ட்டைத் திருப்பித் தாருங்கள், அல்லது அடுத்த டெஸ்ட்டைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுங்கள், எது உங்களுக்குச் சுலபமோ அது. விளையாட்டு அறைக்கு ஆள் போடும் வரை அந்தப் படத்தை ஆப்பிலிருந்து எடுங்கள். இல்லாததை இருக்கிறது என்று காட்டி வியாபாரம் செய்யக் கூடாது என்று 2008-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-வது பிரிவில் இருக்கிறது. என் கணவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுகிறேன் என்று நிற்கிறார், முதலில் உங்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்புறம் அந்த லிஃப்ட். கர்ப்பிணிகள் வந்துபோகும் இடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்றால் அதையும் முதல் நாள் எஸ்எம்எஸ்ஸில் போடலாமே, பத்து மணிக்கு மேல் சாப்பிடாதே என்று போடுகிற அதே எஸ்எம்எஸ்ஸில்.

ரசீது, ஆப்பில் வந்த படம், பூட்டின கதவின் போட்டோ மூன்றும் இத்துடன் இருக்கின்றன. போட்டோவில் கண்ணாடி மேல் கீழ்ப்பக்கமாகத் தெரியும் கறை என் பையன் மூக்கு, துடைக்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட்டை 28 வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் எனக்கு அதிக நாள் இல்லை. வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு இடம் இருந்தால் இந்த வாரமே போன் பண்ணிச் சொல்லுங்கள். காலையில் பண்ணுங்கள், மதியம் 1-லிருந்து 3 வரை அவன் தூங்குவான், அப்போது போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ரசீதில் உள்ள பதிவு எண்ணுக்குரிய வாடிக்கையாளர்,
ஃபீனிக்ஸ், டர்பன்