வலிக்கு ஒரு கட்டம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நவம்பர் முழுக்க ஆண்டறிக்கை வேலை, அதனால்தான் தாமதம். மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து அவ்வளவு சந்தோஷம்!

"கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அங்கே கணக்கா எழுதுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவில் நாய், முயல், குரங்கு, கினிப் பன்றி என்று ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட விலங்குகளின் கணக்கை, அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரைக்குமானதை, டிசம்பர் 1க்குள் வேளாண் துறையிடம் கொடுக்க வேண்டும். தலையை எண்ணினால் மட்டும் போதாது. வலி இல்லாதவை ஒரு கட்டத்தில், மருந்து கொடுத்து வலி தணித்தவை இன்னொன்றில், வலித்தும் மருந்து கொடுக்காதவை வேறொன்றில். இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒன்றை எழுதினாலும் ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று விளக்கம் இணைத்தாக வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு தடுப்பூசி ஆராய்ச்சியின் கினிப் பன்றிகள் அந்தக் கட்டத்தில் வந்தன. வலிநிவாரணி கொடுத்தால் நோயெதிர்ப்பு அளவு மாறிவிடும் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். சரி, இருக்கலாம். ஆனால் அது போன ஆண்டு வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்தக் கூண்டுகளை நான் பார்த்தவள், செல்வி. கதவுச் சத்தம் கேட்டாலே கீச்சிட்டு ஓடிவருகிற பிராணிகள், முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. வைத்த புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விளக்கத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆராய்ச்சியாளருக்குக் கோபம்தான். ஆனால் மறுபடி எழுத உட்கார்ந்தபோது, நான்காம் நாள் ரத்தம் எடுத்த பிறகு மருந்து கொடுத்தால் முடிவு கெடாது என்று அவரே கண்டுகொண்டார். அடுத்த தொகுதிக்கு அப்படித்தான் செய்யப் போகிறார்கள். இதற்காகத்தான் கணக்கு எழுதுகிறேன்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கும் சுண்டெலி, எலி, பறவை மூன்றையும் 2002இல் சட்டமே விலக்கிவிட்டது. எங்கள் அறைகளில் பெரும்பாலானவை சுண்டெலிகள்தான். படிவத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. பிரிட்டனில் சுண்டெலி, மீன், ஆக்டோபஸ் வரை எண்ணுகிறார்கள். அதுவும், சோதனை முடிந்தபின் அந்த விலங்கு உண்மையில் எவ்வளவு அவதிப்பட்டது என்று பார்த்து எழுதுகிறார்கள்.

நாளை படிவம் கையெழுத்துக்குப் போகிறது. சுண்டெலிக் கணக்கை என் நோட்டில் கட்டம் போட்டுத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் விலங்கு நலக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்து வைக்கலாமென்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? எழுது.

அன்புடன்,
மீனா