களப்பயிற்சியைக் கேட்டுச் சேருங்கள்

ஐயா,

உளவள ஆலோசனையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் கட்டணத்தை விசாரிக்கும் அளவுக்குக் களப்பயிற்சியை விசாரிப்பதில்லை. எந்த மருத்துவமனை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆலோசனை கேட்டு வருபவரிடம் நேரில் பேசி, அந்தப் பேச்சை மூத்தவர் ஒருவர் அலசிக் குறை சொன்னால்தான் இந்தத் தொழில் கைவரும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலை, இணையவழி உளவியல் சேர்க்கையைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது; விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எம்.எஸ்சி. மட்டும் முடித்துவிட்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' (மருத்துவ உளவியலாளர்) என்று பலகை மாட்டவும் முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அங்கே பதிவும் வேண்டும். விண்ணப்பக் கட்டுரையில் 'பிறருக்கு உதவப் பிடிக்கும்' என்பதோடு நிறுத்தாமல், செய்த தன்னார்வப் பணியையும் அதில் திணறிய இடத்தையும் எழுதுங்கள்.

– உளவியல் ஆசிரியர், மதுரை