மஞ்சள் துணி கவசம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய படங்களில் தெரியும் இதிகாசச் சாயல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கர்ணன் கதையைத் தழுவிய 'தளபதி'யில் (1991) ரஜினி நடித்த சூர்யாவோடு வரும் மஞ்சள் துணிதான் கர்ணனின் கவச குண்டலம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதை என்னால் விட முடியவில்லை. முப்பது வருடம் தமிழ் நடத்தியவள். பழக்கதோஷம், சிவப்பு மையை எடுத்துவிட்டேன்.

கவசம் என்றால் காக்க வேண்டும். அதனால்தானே இந்திரன் பிராமண வேடத்தில் வந்து அதைத் தானமாக வாங்கிப் போகிறான்? சூர்யாவின் துணி எந்த அடியையும் தடுக்கவில்லை, அதை யாரும் தானம் கேட்கவும் இல்லை. கூட்ஸ் வண்டியில் விட்ட குழந்தையோடு இருந்த துணி அது. பெற்றவள் யார் என்று காட்டுவதுதான் படத்தில் அதன் வேலை.

இந்த வேலையைச் செய்யும் துணி வியாசரிடம் இல்லை, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரிடம் இருக்கிறது. 'நான்தான் உன் தாய்' என்று குந்தி வந்து நின்றதும் கர்ணன் உருகிவிடுவதில்லை. இதற்கு முன்னும் எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், தேவர்கள் தந்த துகில் பட்டதும் உடம்பு எரிந்து விலகிப் போனார்கள் என்கிறான். குந்தியை அது எரிக்கவில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். மணிரத்னம் வில்லியைப் புரட்டிவிட்டுத்தான் படம் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நம் காதில் விழுந்து வளர்ந்த கர்ணன் கதை இது என்கிறேன், அவ்வளவுதான்.

மடியும் அப்படித்தான். வியாசரில் கர்ணன் செத்த பிறகு, நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் குந்தி பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்கிறாள். போர்க்களத்துக்கே ஓடிவந்து மகனை மடியில் போட்டு அழுகிறவள் வில்லியின் குந்தி. அர்ச்சுனன் மேல் நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடாதே என்று அவள் வரம் வாங்கினாளே, அப்போது இவன் பதிலுக்குக் கேட்டது அந்த மடியைத்தான். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்துப் பார்த்து, மூலமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

'தளபதி'யில் சூர்யா சாகவில்லை, அவன் நண்பன் தேவராஜ்தான் சாகிறான். கலெக்டராக இருக்கும் இளைய மகன் மாற்றலாகிக் கிளம்ப, அம்மா கல்யாணி மூத்தவன் சூர்யாவோடு தங்கிவிடுகிறாள். சாகிற நேரத்துக்கு மட்டும் மடி கேட்டவனுக்கு, இங்கே உயிரோடு இருக்கும்போதே அம்மா கிடைத்துவிடுகிறாள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம், ஜெய்சங்கரை எப்படி மறந்தார்? பிறப்பு ரகசியத்தைச் சூர்யாவிடம் போய்ச் சொல்பவர் கல்யாணியின் கணவரான அவர்தான். பாரதத்தில் அது கண்ணன் செய்த வேலை. கண்ணன் சொன்னது கர்ணனைப் பாண்டவர் பக்கம் இழுப்பதற்காக. இந்த மனிதருக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே மனைவிக்குப் பிறந்த பிள்ளை என்று தெரிந்தும் தேடிப் போகிறார். அவரைப் பற்றியும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை