குழந்தையைத் தாங்கியவர்களுக்கும், அவர்களைத் தாங்கியவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள வளர்ப்புப் பெற்றோருக்கும், அவர்களோடு தோள் கொடுத்து நின்ற அனைவருக்கும்,

வணக்கம்.

அடியும் பசியும் புறக்கணிப்பும் அனுபவித்துவிட்டு வந்த சின்னஞ்சிறு குழந்தை, பெற்றவர்களிடமோ தத்தெடுப்பவர்களிடமோ போகும்வரை தற்காலிகமாகத் தங்கும் வளர்ப்பு வீட்டில் தேறி வரும்போது, "நல்ல வீடு அமைந்தது, அதன் அதிர்ஷ்டம்" என்று பார்ப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தேறுதலுக்குப் பின்னால் பலர் நாள் தவறாமல் செய்த வேலை இருக்கிறது. இன்னார் இன்னதைச் செய்தார் என்று எடுத்துச் சொல்லி நன்றி கூறவே இந்த மடல்.

முதல் இரவைப் பொறுமையாகக் கடத்திய வளர்ப்புத் தாய் தந்தையரே, அகால நேரத்தில் வந்த குழந்தையை உடனே குளிப்பாட்ட முனையவில்லை நீங்கள். உடையைக் கழற்றுவதே சில குழந்தைகளுக்கு அச்சத்தின் தொடக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அது கொண்டுவந்த கந்தல் போர்வையைத் துவைக்காமல் அப்படியே கையில் கொடுத்தீர்கள். அந்த வீட்டில் அன்றிரவு அதற்குப் பழகிய வாசனை அது ஒன்றுதான். கழிவறை எங்கே, விளக்கு எங்கே, நீங்கள் படுக்கும் இடம் எங்கே என்று காட்டினீர்கள். கதவைத் திறந்தே வைத்தீர்கள். "இப்போது கையைப் பிடிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டீர்கள்.

பிறகு சாப்பாடு. தலையணைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் உணவு ஒளிந்திருந்தபோது அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு என்று வகுத்துக்கொண்டு, இடையில் பசித்தால் எடுத்துக்கொள்ள எட்டும் உயரத்தில் ஒரு டப்பாவும் வைத்தீர்கள். காலியானால் அதன் கண்முன்னே நிரப்பினீர்கள். இதுதான் முக்கியம்: மறைவாக நிரப்பினால், தீர்ந்துபோனது மறுபடி வரும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை. அலமாரியைப் பூட்டினாலோ ஒளித்து வைப்பது கூடுகிறது. மிகவும் மெலிந்து வந்த குழந்தைகள் விஷயத்தில், ஆசை ஆசையாக ஊட்டவிருந்த கைகளைத் தடுத்து நிறுத்திய குழந்தை மருத்துவர்களுக்குத் தனி நன்றி. நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். அளவைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லி, இரத்தப் பரிசோதனையோடு கூடவே இருந்தீர்கள். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைச் சோதித்ததும், சாப்பிட அடம்பிடித்த குழந்தையின் பற்களைப் பார்த்ததும் நீங்கள்தான். நடுக்காதில் நீர் தேங்கியதும் சொத்தைப் பல் வலியும் "பிடிவாதம்" என்ற பெயரில் மாதக்கணக்கில் மறைந்து கிடப்பதுண்டு.

வீட்டுக்கே வந்து பயிற்சி தந்தவர்களுக்கு அடுத்த நன்றி. விழுந்து முட்டி சிராய்த்தும் அழாத, தூக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து, "இதற்கு நான் தேவையில்லை போலும்" என்று வளர்ப்பவர் மெல்ல விலகுவது இயல்பு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி டோசியர் இதைக் கவனித்துத்தான் பத்து அமர்வு கொண்ட வீட்டுப் பயிற்சியை உருவாக்கினார். குழந்தை கேட்காவிட்டாலும் ஆறுதல் கொடு, விளையாட்டில் அது போகும் போக்கில் மகிழ்ச்சியோடு போ, அச்சுறுத்தும் எதையும் செய்யாதே. அதன் சாரம் இவ்வளவே. நீங்கள் விரிவுரை நடத்தவில்லை. நடந்த அந்த நொடியிலேயே, "அவள் திரும்பிக்கொண்டாள், நீங்கள் கையை எடுக்கவில்லை, பார்த்தீர்களா" என்று சுட்டிக் காட்டினீர்கள். இப்படி உடனே சொன்ன ஒரு வரி, மாதாந்திரக் கூட்டத்தில் கேட்கும் ஒரு மணி நேர அறிவுரையைவிட அதிகம் உதவுகிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வளர்ப்புப் பெற்றோரைத் தொலைபேசியில் தினமும் அழைத்து விசாரித்தவர்களே, உங்கள் வேலையின் மதிப்பு வெளியே தெரிவதே இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். கையில் ஒரு பட்டியல்: கத்தல், அடித்தல், படுக்கை நனைத்தல், பொருளை உடைத்தல், சொன்னதற்கு மறுத்தல், இப்படி முப்பதையொட்டிய நடத்தைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி: கடந்த 24 மணி நேரத்தில் நடந்ததா, நடந்தபோது உங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்ததா? ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கேட்டால் மிக மோசமான நாளின் நிறம் எல்லா நாளின் மீதும் படிந்துவிடும். அதனால்தான் 24 மணி நேரம். ஆய்வாளர் பட்ரீசியா சாம்பர்லைன் குழுவினர் வளர்ப்பு வீடுகளில் இருந்த 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நாளொன்றுக்கு ஆறு நடத்தைகள் வரை வீடுகள் தாக்குப்பிடித்தன. ஆறைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும், குழந்தை அந்த வீட்டிலிருந்து மாற்றப்படும் அபாயம் 17 சதவீதம் கூடியது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலோடு நீங்கள் போனை வைத்துவிடவில்லை. பட்டியலை முழுதாகப் படித்தீர்கள். எண்ணிக்கை ஏறுவதைக் கண்ட அன்றே மேற்பார்வையாளரிடம் சொன்னீர்கள். வீடு மாறாமல் நின்ற பல குழந்தைகள் அந்த அழைப்புகளால்தான் நின்றார்கள்.

நள்ளிரவில் எச்சில் மாதிரியைப் பற்றிச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொன்ன ஆய்வகத் தோழர்களுக்கும், குழந்தை மெல்லும்படி பஞ்சைக் கொடுத்து மாதிரி எடுத்த பெற்றோருக்கும் நன்றி. எச்சிலில் அளப்பது கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை; அது காலையில் உயர்ந்து இரவுக்குள் இறங்க வேண்டும். புறக்கணிக்கப்பட்ட குழந்தைகள் பலரிடம் காலையிலேயே அது தாழ்ந்து, நாள் முழுதும் தட்டையாகக் கிடக்கிறது. விழித்த அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை உணவுக்குப் பிறகு எடுத்தால் அளவு பிறழ்ந்துவிடும். அமெரிக்காவின் ஓரிகனில் ஆய்வாளர் பிலிப் ஃபிஷரும் குழுவினரும் மழலை வயதுக் குழந்தைகளிடம் இதை அளந்தார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களின் நாளோட்டம் மாதங்கள் செல்லச் செல்ல இன்னும் தட்டையானது. பயிற்சியும் அன்றாட உதவியும் பெற்ற வீடுகளில் இருந்தவர்களுடையது, சொந்த வீட்டில் வளரும் மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. வளர்ப்பவரின் மன அழுத்தமும் குழந்தையின் காலைக் கார்டிசோலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதையும் அவர்களே காட்டினார்கள். அதனால்தான் வளர்ப்பவருக்குக் கிடைத்த ஓய்வைச் சலுகையாக நாங்கள் எண்ணுவதில்லை. ஓய்வு தர வந்தவர்களே, குழந்தையை வேறிடத்துக்கு அழைத்துப் போகாமல், எப்போதும் அதே ஆளாக, அதே வீட்டுக்கு வந்து சில மணி நேரம் பார்த்துக்கொண்டீர்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் 56 குடும்பங்கள் கதவைத் திறந்தன. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அந்த வீடுகள் கிடைத்தன. முதல் ஓராண்டிலேயே அவர்களின் உயரமும் எடையும் வேகமாக எழுந்தன; தலைச்சுற்றளவு அதே வேகத்தில் எழவில்லை. இரண்டு வயதுக்குள் வந்தவர்கள் பல அளவைகளில் முன்னே நின்றார்கள். அந்த 56 குடும்பங்களுக்கும் இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

குழந்தை பெற்றவர்களைச் சந்திக்கும் நாட்களில் வண்டி ஓட்டியவர்களே, ஒரே ஆள், ஒரே வழி, ஒரே இருக்கை என்று வைத்துக்கொண்டீர்கள். பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு மூன்று நாள் படுக்கை நனைவதும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதை மட்டும் வைத்துச் சந்திப்பே கெடுதல் என்று முடிவு கட்டாமல், முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று தேதியிட்டுக் குறித்த வளர்ப்புப் பெற்றோருக்கு நன்றி. தாலாட்டைப் பதிவு செய்து அனுப்பிய, "இடது பக்கம் படுத்தால்தான் தூங்கும்" என்று சொல்லிக் கொடுத்த பெற்ற தாய்மாருக்கும் நன்றி. எளிதான காரியம் இல்லை அது. பொம்மையையும் அம்மா மடியையும் பங்குபோட்டுக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்கும்.

கடைசியாக, விடைகொடுத்தவர்களுக்கு. பெற்றோரிடமோ தத்தெடுத்தவர்களிடமோ குழந்தை போகும்போது, எந்தக் குவளை, எந்தப் பாட்டு, எதைக் கண்டால் பயம் என்று தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். வீட்டில் பயன்படுத்திய அதே சோப்பையும் சேர்த்து அனுப்பினீர்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று ஒப்படைப்பைப் படிப்படியாக நடத்தினீர்கள். அவசரத்தில் ஒரே நாளில் முடித்த ஒப்படைப்புகள் குழந்தைக்கு இன்னொரு பறிகொடுத்தலாகிவிடுகின்றன. போன பிறகு நீங்கள் அழுததை இயல்பான துக்கமாக மதித்து, "அடுத்த குழந்தைக்குத் தயாரா" என்று அந்த வாரமே கேட்காமல் இருந்த மேற்பார்வையாளர்களுக்கும் எங்கள் நன்றி.

நன்றியுடன்,
வளர்ப்புப் பராமரிப்புக் குழுவினர்