பிள்ளை பார்த்துக்கொள்வோருக்கு ‘அடுத்த மாதம் முதல்’ புதிய விதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கூடத்திலேயே, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பதினோரு ஆண்டுகளாகப் பகல் நேரத்தில் பார்த்துக்கொண்டு வருகிறேன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது; ‘ஆயாம்மா வீடு’ என்று கேட்டால் தெருவில் யாரும் வழி சொல்வார்கள். இப்போது ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். மூத்தவனுக்கு நான்கரை வயது, கடைசிப் பெண்ணுக்குப் பதினொரு மாதம். இதே தொழிலை வீட்டிலிருந்தபடி செய்யும் பெண்கள் என் வீட்டைச் சுற்றி இன்னும் மூவர் இருக்கிறார்கள். எங்களைக் குறித்து மூன்று வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு குரல் பதிவு ஏற்படுத்தியுள்ள குழப்பத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குப் பின் ஒரு பிள்ளை இருந்தாலும் அந்த வீடு விடுதியாகக் கருதப்படும், மீறுவோருக்கு ஓராண்டு சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு, அடுத்த மாதம் முதல் இது அமலுக்கு வருகிறது என்று அந்தப் பதிவில் ஒரு பெண் குரல் சொல்கிறது. எந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என்பது அதில் இல்லை. ஆகையால் எப்போது கேட்டாலும் அது அடுத்த மாதமாகவே இருக்கிறது. எந்தத் துறையின் ஆணை, அதன் எண் என்ன, நாள் என்ன என்பதும் இல்லை.

புதுச்சேரியில் சட்டம் படிக்கும் என் அக்காள் மகனை அழைத்து, அந்தப் பதிவை வரிக்கு வரி நிறுத்திக் கேட்கவைத்தேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. வெவ்வேறு இடங்களில் உண்மையாக உள்ள விதிகளைக் கிழித்தெடுத்து ஒன்றாகத் தைத்த துணி அது.

ஓராண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உள்ளது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லங்கள் அச்சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு செய்யப்பட வேண்டும். செய்யாத இல்லத்தின் பொறுப்பாளருக்கு 42ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அனாதை இல்லம் என்ற பெயரில் நடக்கும் அக்கிரமங்களைத் தடுக்க வந்த அந்தப் பிரிவுக்கும், காலையில் டிபன் டப்பாவுடன் வந்து மாலையில் அம்மாவின் இடுப்பில் ஏறிப் போய்விடும் பிள்ளைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மூன்று பிள்ளைகள் என்ற கணக்கு இந்தியாவிலேயே இல்லை, அது இங்கிலாந்தினுடையது. அங்கே எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தம் வீட்டில் பார்த்துக்கொள்பவர், ‘ஆஃப்ஸ்டெட்’ என்னும் அரசு அமைப்பிடமோ அதற்கென உள்ள முகமையிடமோ பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவாக அவர் ஆறு குழந்தைகள் வரை பார்க்கலாம், அவர்களில் மிகச் சிறியவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்நாட்டில் வாழும் தமிழர் யாரோ தம் ஊரைப் பற்றிப் பேசியதை ஒருவர் வெட்டி அனுப்ப, ஊர்ப் பெயர் உதிர்ந்து விதி மட்டும் கடலூர் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பதிவு என்ற சொல்லுக்கும் ஒரு மூலம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, சுயதொழில் செய்பவர்களையும் அமைப்புசாராத் தொழிலாளர்களில் சேர்த்துப் பதிவைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு முன்பே, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ஈ-ஷ்ரம் இணையதளத்தில் எங்களைப் போன்றோர் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ள முடியும். அது எங்களுக்கு நன்மை வந்து சேர்வதற்கான பதிவே தவிர, பிள்ளை பார்த்துக்கொள்ள அனுமதி தரும் உரிமம் ஆகாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்ற விதியோ, 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் வேலை தருபவர் மீது சுமத்திய கடமை. அதையும் அந்தக் குரல் பதிவில் எங்கள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் புதுச்சேரி எல்லையை ஒட்டி இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு ஆணை. ஆனால் தாய்மார்கள் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள், கைப்பேசியில் வரும் செய்தியும் அதே பேருந்தில் ஏறி வருகிறது. புதுச்சேரிக்குச் சொன்னது எங்களுக்கும் பொருந்துமா என்று கேட்பதற்குள் அது எங்களுக்கே சொன்னதாகிவிடுகிறது.

இதனால் நேர்ந்திருப்பது சிறிதன்று. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தாய் ஒருவர், பணி முடிந்து பேருந்து பிடித்து வர ஏழரை மணி ஆகும். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்த 2024 டிசம்பர் தொடக்கத்தில் அவரால் வந்துசேர முடியாமல் போக, பிள்ளைகள் இருவரும் இரவு முழுவதும் என்னிடமே இருந்தார்கள். மறுநாள் அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதே பெண் சென்ற வாரம், “அக்கா, ஆறு மணிக்கு மேல வெச்சிருந்தா உங்களுக்கு ஏதும் ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டு, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று பிள்ளைகளைப் பண்ருட்டியில் உள்ள மாமியாரிடம் விட்டிருக்கிறார். அந்த அம்மையாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அடுத்த தெருவில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணோ அபராதத்துக்கு அஞ்சி மூன்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரது வருமானத்தில் பாதி போயிற்று.

இந்த அச்சத்தில் ஒருவர் காசு பார்க்கவும் தொடங்கிவிட்டார். ‘பதிவு செய்து தருகிறேன்’ என்று வீடு வீடாக வந்து, ஆதார் நகலும் 1,500 ரூபாயும் கேட்கிறார். ரசீது கேட்டதற்கு, ஆன்லைனில் வரும் என்றார். கொடுத்த ஒருவருக்கு வந்தது என்னவென்று வாங்கிப் பார்த்தேன்: ஈ-ஷ்ரம் அட்டை. இலவசமாகக் கிடைப்பது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டதை மறந்துவிட்டு, குழந்தைகள் கூடும் இடத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்று சொல்ல மனம் வராது. அடுப்பு இருக்கும் இடத்துக்குத் தடுப்பு, கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்தால் என்ன செய்வது என்ற ஒரு நாள் பயிற்சி, வீட்டில் உள்ள ஆண்களைப் பற்றிய காவல்துறைச் சான்று ஆகியவற்றைக் கட்டாயமாக்கினால் முதலில் வரிசையில் நிற்பவள் நானாக இருப்பேன். (கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் கணவர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.) ஆனால் அப்படி விதி எழுதுபவர்கள் எங்கள் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தின் காப்பகம் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் நடக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல திட்டம்தான், ஆனால் காலை ஏழு மணிக்கே சிப்காட் வேனில் ஏறும் தாய்க்கு அந்த ஏழரை மணி நேரம் எப்படிப் போதும்? மீதி நேரத்தைத்தான் எங்களைப் போன்றோர் தாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் சேரலாமா என்று ஒரு சேவை மையத்தில் நான் விசாரித்தபோது, பிறர் வீட்டுக்குப் போய் வேலை செய்தால்தான் வீட்டுப் பணியாளர், பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவதால் நான் அதில் வரமாட்டேன் என்றார்கள். பள்ளியும் இல்லை, இல்லமும் இல்லை, பணியாளரும் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் மீது எந்தப் பட்டியலின் விதியையும் ஒட்டிவிட முடிகிறது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். அத்தகைய ஆணை ஏதும் வந்திருந்தால் அதன் எண்ணையும் நாளையும், அது யாருக்குப் பொருந்தும் என்பதையும் எளிய தமிழில் செய்திக்குறிப்பாக வெளியிட வேண்டும். வரவில்லை என்றால், வரவில்லை என்ற அந்த ஒரு வரியை வெளியிட்டாலும் போதும். பதிவுக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் அதனுடன் சேர்த்து, அங்கன்வாடி வாசல்களில் ஒட்டலாம். எங்கள் தெருவில் அதைப் படிக்காமல் கடப்பவர் யாரும் இல்லை. வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாங்கள் நால்வரும் மனு கொடுக்க இருக்கிறோம். பேப்பரில் வந்தால் மறுநாளே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதாக அந்தச் செவிலியர் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய பாயை இன்னும் சுருட்டி வைக்கவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.