மூன்றாவது ஃப்ளூ

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை "ஃப்ளூ அம்மா, பிறகு கதைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாய். தைப்பொங்கலுக்கும் அதுதான். நத்தார் லீவிலும் அதுதான். ஒரு பனிக்காலத்துக்குள் ஒரே ஆளுக்கு மூன்று தரம் ஃப்ளூ வருமா என்று டொக்டரிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அப்படி வருவது அரிது என்றார். உண்மையான ஃப்ளூ திடீரென்று அடித்துப் போட்டுவிடுமாம். காலையில் நன்றாக இருந்தவன் பின்னேரம் காய்ச்சலும் உடம்பு உளைவுமாகப் படுத்துவிடுவான். தும்மலோடும் மூக்கு ஒழுகலோடும் மெல்ல மெல்ல வருவது தடிமன். அதன் வைரஸே வேறு. நாங்கள்தான் எல்லாவற்றையும் ஃப்ளூ என்கிறோம். லீவுக் கடிதத்தில் தடிமன் என்று எழுதினால் மதிக்கமாட்டார்கள், ஃப்ளூ என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முப்பது வருஷம் அந்தக் கடிதங்களை வாங்கி வாசித்தவள் நான்.

மல்லியும் வேர்க்கொம்பும் பார்சலில் போட்டிருக்கிறேன். அவித்துச் சூடாகக் குடி. ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போடவேண்டும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி காணாது. அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்காதே, அது பக்டீரியாவுக்குத்தான் கேட்கும். மல்லித்தண்ணியைச் சூடாகக் குடி.

இங்கே மழை விட்டுவிட்டது. உப்புவெளிச் சின்னம்மா சுகம். நீ வீடு வாங்கிய கதையைப் பெரியமாமா கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பைதான் இருந்தது. மருமகள் எங்கே என்று கேட்டதற்கு அவவுக்கும் ஃப்ளூ என்றாய். பெற்றவளுக்கு இவ்வளவுதானா சொல்வாய்?

ஃப்ளூ என்பது இன்ஃபுளுவென்சா என்ற இத்தாலியச் சொல்லை நறுக்கி எடுத்தது. நட்சத்திரங்களின் பாதிப்பால்தான் நோய் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பி வைத்த பெயராம். அதை வாசித்த அன்றிரவு உன் சாதகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. காலையில் பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனை மட்டும் செய்தேன்.

தம்பி, அந்தச் சொல்லை உனக்குப் பழக்கினதே நான். 2017 இல், கிண்ணியாவிலும் இங்கேயும் டெங்கு பரவின நேரம், அப்பா வார்ட்டில் கிடந்தார். உனக்குக் கடைசிச் சோதனை. ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாய். "சின்ன ஃப்ளூ, நித்திரை கொள்கிறார்" என்றேன். டெங்கு என்று எனக்கு இரண்டாம் நாளே தெரியும். அவர் உன்னோடு கதைக்கவேண்டும் என்று கேட்டபோது, "பிள்ளைக்குத் தடிமன், குரல் எழும்பவில்லை" என்று அவருக்கும் சொன்னேன். போனை அவர் காதில் வைத்திருக்கலாம். அவர் குரல் கேட்டால் நீ சோதனையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்தேன். அப்பா கண்ணை மூடின பிறகு, எட்டுச் செலவுச் சடங்குக்குத்தான் நீ வந்து சேர்ந்தாய். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அது என் பிழை, தம்பி. முழுக்க என் பிழை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். காய்ச்சல் என்றால் எவ்வளவு காய்ச்சல் என்று சொல். காய்ச்சல் இல்லை என்றால் அதையும் சொல். மல்லியை நானே வறுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன், திரும்ப வறுக்கத் தேவையில்லை.

அம்மா